அரச குருதியும் ஆவணச் சான்றும்

முன்னோர் யார் என்னும் வினா மிகப் பழையது. நிலவுரிமை, திருமணம், வழிபாடு, போர் என வாழ்வின் பல துறைகளிலும் அவ்வினா எழுந்துள்ளது. இங்கிலாந்து நாட்டில் அது தனியொரு வடிவம் பெற்றது. தம் குடி இடைக்கால மன்னர் ஒருவரின் வழியில் வந்ததென நிறுவும் ஆர்வம் பிரபுக்களிடம் தோன்றி, நிலக்கிழார், வணிகர், கடல் கடந்து குடியேறியோர் எனப் பரவி, இருபத்தோராம் நூற்றாண்டில் எளிய குடும்பங்களையும் எட்டியுள்ளது. இத்தேடலை வெறும் பெருமை வேட்கை என ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயினும் அதன் வரலாற்றைக் கூர்ந்து நோக்கின், குருதி உறவு என்பது யாது, அதற்குச் சான்று யாது, யாருடைய பெயர் நிலைக்கிறது, யாருடைய பெயர் மறைகிறது என்னும் பெரிய வினாக்கள் அதனுள் அடங்கியிருத்தல் புலனாகும்.

மன்னர் தேடிய மூதாதையர்

மூதாதையரைத் தேடியோருள் முதல்வர் மன்னர்களே. ஆங்கிலோ-சாக்சன் வரலாற்றுக் குறிப்பேடு ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், ஆல்பிரட் மன்னரின் காலத்தில் தொகுக்கப்படலாயிற்று. அதில் வெசெக்ஸ் மன்னர்களின் கொடிவழி பழைய செர்மானியத் தெய்வமான வோடன் வரை செல்கிறது. கிறித்துவம் வேரூன்றிய நாட்டில் வேற்றுத் தெய்வத்தை மூதாதையாகக் கொள்ளுதல் இயலாதாகவே, வோடன் ஒரு மனிதனாக்கப்பட்டான். அவனுக்கும் முன்னோர் படைக்கப்பட்டனர். கொடிவழி நோவாவைக் கடந்து ஆதாம் வரை நீண்டது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் மான்மத் ஊரினரான ஜெஃப்ரி இலத்தீனில் எழுதிய வரலாறு, பிரித்தானிய மன்னர்களின் மூதாதை திராய் நகர வழிவந்த புரூட்டஸ் என்றது. பதினைந்தாம் நூற்றாண்டில் நான்காம் எட்வர்டின் உரிமையை நிலைநாட்ட விரும்பியோர், ஆதாமில் தொடங்கி அம்மன்னரில் முடியும் நீண்ட தோற்சுருள்களை வண்ணந்தீட்டி அமைத்தனர்.

இவற்றைப் பொய் என்று மட்டும் கூறி அமைதல் போதாது. குடிவழி என்பது அக்காலத்தில் நினைவின் பதிவு மட்டுமன்று. அஃது அரியணைக்கான வழக்குரையுமாகும். வழக்குரைக்கு வேண்டிய சாட்சிகள் இல்லாதபோது புலமையாளர் அவற்றை ஆக்கித் தந்தனர்.

மூன்றாம் எட்வர்டின் மக்கள்

அரச வழியைத் தேடுவோரின் கொடிவழிகளுள் பெரும்பாலானவை வந்து சேரும் அடிமரம் மூன்றாம் எட்வர்டு. 1327 முதல் 1377 வரை ஐம்பதாண்டுகள் ஆண்ட அவருக்கும் அரசி பிலிப்பாவுக்கும் பிறந்த ஆண்மக்களுள் ஐவர் வளர்ந்து ஆளாயினர். மூத்தவர் ‘கறுப்பு இளவரசர்’ எனப் பெயர்பெற்ற எட்வர்டு. அவரையடுத்து லயனல், ஜான் ஆஃப் கான்ட், எட்மண்டு, தாமஸ் ஆகியோர். இவர்களின் வழித்தோன்றல்களுக்கிடையே மூண்ட உரிமைப் போட்டியே 1455 முதல் 1487 வரை நாட்டை அலைக்கழித்த ரோசாப்பூப் போர்களுக்கு வழிவகுத்தது.

ஐவருள் லங்காஸ்டர் கோமகனான ஜானின் வரலாறு இலக்கிய அன்பர்க்குத் தனிச்சுவை உடையது. அவருடைய பெண்மக்களை வளர்க்கும் பொறுப்பில் கேதரின் ஸ்வின்ஃபர்டு என்னும் பெண்மணி இருந்தார். எய்னோ நாட்டிலிருந்து வந்த எளிய வீரர் ஒருவரின் மகள் அவர், கணவனை இழந்தவர். கோமகனுக்கும் அவருக்கும் திருமணத்திற்குப் புறம்பே நான்கு மக்கள் பிறந்தனர். அம்மக்கள் போஃபர்டு என்னும் குடிப்பெயர் பெற்றனர். பல்லாண்டுகளுக்குப் பின், 1396-இல், கோமகன் கேதரினை முறைப்படி மணந்தார். மறு ஆண்டு இரண்டாம் ரிச்சர்டு மன்னர் பாராளுமன்றத்தின் வழியே அந்நால்வரையும் முறைமக்களாக ஏற்றார். 1407-இல் நான்காம் ஹென்றி அதனை உறுதி செய்தபோது, அரியணை உரிமை மட்டும் அவர்களுக்கு இல்லை என்னும் பொருள்பட ஒரு தொடரைச் சேர்த்தார்.

அத்தொடர் வரலாற்றைத் தடுத்து நிறுத்தவில்லை. 1485-இல் பாஸ்வொர்த் களத்தில் வென்று முடிசூடிய ஏழாம் ஹென்றி, ஜான்-கேதரின் இணையரின் கொள்ளுப்பெயர்த்தியான மார்கரெட் போஃபர்டின் மகன். அக்களத்தில் வீழ்ந்த மூன்றாம் ரிச்சர்டும் அதே கேதரினின் மகளான ஜோன் போஃபர்டின் மகள்வயிற்றுப் பேரன். வென்றவரும் வீழ்ந்தவரும் ஒரே தாயின் வழியினர் என்பது கருதத்தக்கது.

கவிஞர் சாசரின் மனைவி பிலிப்பா, இக்கேதரினின் உடன்பிறந்தவர் என்பது வரலாற்றறிஞர் பெரும்பாலோரின் துணிபு. இலண்டனில் திராட்சை மது வணிகம் செய்தவரின் மகனாகப் பிறந்து, சுங்கத்துறையிற் பணியாற்றிய சாசர், இவ்வுறவால் அரசகுடியின் ஓரத்தில் வந்து நின்றார். அவருடைய மகன் தாமஸ் சாசர் பாராளுமன்ற மக்கள் அவையின் தலைவராக விளங்கினார். தாமசின் மகள் ஆலிஸ், சஃபோக் கோமகனை மணந்தார். அவருடைய அழகிய கல்லறை ஆக்ஸ்போர்டு மாவட்டத்து யூவெல்ம் சிற்றூர்க் கோயிலில் உள்ளது. ஆலிசின் மகன், மூன்றாம் ரிச்சர்டின் தமக்கையான எலிசபெத்தை மணந்தார். அவர்களின் மகன் லிங்கன் பிரபு ஜான். 1484-இல் ரிச்சர்டின் ஒரே முறைமகன் இறந்தபின், அரியணைக்கு அடுத்தவராகக் கருதப்பட்டவர் இவரே. ஒரு கவிஞரின் கொள்ளுப்பேரனுடைய மகன் இங்கிலாந்தின் மன்னராகும் நிலை அவ்வளவு அருகில் வந்தது. 1487-இல் ஸ்டோக் களத்தில் அவர் கொல்லப்பட, அவ்வாய்ப்பு மறைந்தது.

குருதியே குற்றம்

பிற்காலத்தார் பெருமையாகத் தேடிய அரச குருதி, அதனை உடலிற் கொண்டிருந்தோர்க்குப் பெரும்பாலும் இடராகவே அமைந்தது. டியூடர் மன்னர்களின் அரியணை புதியது. ஆகவே பழைய வழியினர் ஒவ்வொருவரும் ஐயத்திற்குரியவராயினர். ரிச்சர்டின் தமையன் மகனான வாரிக் பிரபு எட்வர்டு 1485-இல் பத்து வயதுச் சிறுவனாகச் சிறைப்பட்டான். இலண்டன் கோட்டைக்குள்ளேயே வளர்ந்து, 1499-இல் தலை வெட்டப்பட்டு மாண்டான். மூன்றாம் எட்வர்டின் இளைய மகன் தாமசின் வழியில் வந்த பக்கிங்காம் கோமகன் 1521-இல் கொல்லப்பட்டார். வாரிக் பிரபுவின் தமக்கை மார்கரெட் போல், 1541-இல், அறுபத்தேழாம் வயதில், கோட்டை வளாகத்தில் வெட்டுண்டார். இவர்கள் மீது சாட்டப்பட்ட குற்றங்கள் வெவ்வேறாயினும், பிறப்பு என்னும் குற்றமே அவற்றின் அடியில் இருந்தது. மெய்யான கொடிவழியை மறைப்பதே உயிர்காக்கும் வழியாக இருந்த காலமும் உண்டு என்பதைப் பின்னாளில் பொய்க் கொடிவழி புனைந்தோர் எண்ணிப் பார்த்திலர்.

குருதி இறங்கிய வழி

மன்னரின் குருதி உழவரையும் கூலித் தொழிலாளரையும் அடைந்தது எங்ஙனம்? இதற்கு விடை இங்கிலாந்தின் உரிமை முறையில் உள்ளது. பிரபுவின் பட்டமும் நிலமும் மூத்த மகனையே சேர்ந்தன. இளைய மக்களும் பெண்மக்களும் சட்டத்தின் முன் பொதுமக்களே. இளைய மகனின் இளைய மகன் சிறு நிலக்கிழார் ஆவான். அவன் மகள் ஒரு குருவானவரையோ வணிகரையோ மணப்பாள். அவர்களின் பேரன் பொருளிழந்து கைத்தொழில் செய்வான். ஐந்தாறு தலைமுறைகளில் கோட்டையிலிருந்து குடிசை வரை குருதி இறங்கிவிடும். பெயர் மட்டும் இறங்குவதில்லை.

இவ்விறக்கத்தைப் பின்தொடர உதவும் ஆவணங்கள் பல. மன்னரிடம் நேரே நிலம்பெற்ற ஒருவர் இறந்தால், அவருடைய நிலம் எவ்வளவு, இறந்த நாள் யாது, உரிமையாளர் யார், அவர் வயது என்ன என ஊரார் குழுவொன்றைக் கேட்டு எழுதிவைக்கும் வழக்கம் பதின்மூன்றாம் நூற்றாண்டு முதல் பதினேழாம் நூற்றாண்டு வரை இருந்தது. உரிமையாளர் சிறுவராயின், பின்னாளில் அவர் வயதுவந்ததை மெய்ப்பிக்க ஊரார் சாட்சி கூறினர். அச்சான்றுரைகள் சுவையானவை. அக்குழந்தை பிறந்த நாள் எங்ஙனம் நினைவிருக்கிறது என்னும் வினாவிற்கு, அன்றே தன் மகன் பிறந்தான் என்றார் ஒருவர். அன்று தன் மனைவியை அடக்கம் செய்ததாக மற்றொருவர். குதிரையிலிருந்து விழுந்து கால் ஒடிந்ததாக வேறொருவர். ஒரே வகை விடைகள் பல ஊர்களில் திரும்பத் திரும்ப வருதலால், அவற்றுட் சில வாய்பாடாக எழுதப்பட்டவை என அறிஞர் காட்டியுள்ளனர். ஆயினும், உரிமை பெறும் ஒருவரின் பிறப்பை எளியோரின் பிறப்பும் இறப்பும் கொண்டே அளந்தனர் என்பது நினைக்கத்தக்கது.

குலச்சின்னங்களை ஆராயும் அலுவலர்க்கு 1484-இல் மூன்றாம் ரிச்சர்டு ஒரு கழகம் அமைத்துக் கொடுத்தார். 1530 முதல் 1688 வரை அவ்வலுவலர் மாவட்டந்தோறும் சென்று, சின்னம் தாங்கும் குடிகளை விசாரித்துக் கொடிவழிகளைப் பதிவு செய்தனர். இவை யாவும் நிலமுடையோரைப் பற்றியவை. நிலமற்றோர் ஏட்டில் இடம்பெற்றது 1538-ஆம் ஆண்டு ஆணைக்குப் பின்னரே. திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றை ஒவ்வொரு பங்கும் பதிவு செய்தல் வேண்டும் என எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் கட்டளையிட்டார். புதுவரி விதிப்பதற்கான சூழ்ச்சி என மக்கள் அஞ்சினர். இரண்டாண்டுகளில் கிராம்வெல்லே தலை வெட்டப்பட்டார். அவர் தொடங்கிய பதிவேடுகள் நின்றன. 1837-இல் அரசே பிறப்பு, இறப்புகளைப் பதியத் தொடங்கும் வரை, எளிய குடிகளுக்கு அவையே பெருஞ்சான்று.

புட்னி ஊரின் எளிய குடியிற் பிறந்த அக்கிராம்வெல்லின் மகன் கிரெகரி, 1537-இல் எலிசபெத் சீமோர் என்பாரை மணந்தார். அரசி ஜேன் சீமோரின் உடன்பிறந்தவரான அவர், மூன்றாம் எட்வர்டின் மகன் லயனலின் வழியில் வந்தவர். 2016-இல் பி.பி.சி. தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்று, கிழக்கு இலண்டன் உழைப்பாளர் குடும்பத்தில் தோன்றிய நடிகர் டேனி டையரின் முன்னோரைத் தேடிச் சென்று, கிராம்வெல் வழியாக மூன்றாம் எட்வர்டை அடைந்தது. எளியோரின் பெயரை ஏட்டிலேற்றிய அமைச்சரின் குடியே, எளிய குடும்பமொன்று மன்னரைச் சென்றடையும் படிக்கட்டாயிற்று.

கடல் கடந்த கிளைகளும் உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் அமெரிக்காவிற் குடியேறியோருள் அரச வழியினர் என ஆவணங்களால் நிறுவப்பட்டோர் சிலரே. அவர்களை ‘வாயில் முன்னோர்’ என ஆய்வாளர் அழைப்பர். சமயக் கருத்துக்காக மாசசூசெட்ஸ் குடியேற்றத்திலிருந்து 1638-இல் வெளியேற்றப்பட்ட ஆன் ஹட்சின்சன் அவர்களுள் ஒருவர். அவருடைய தாய் பிரிட்ஜெட் டிரைடன், கவிஞர் ஜான் டிரைடனின் பாட்டனாருடன் பிறந்தவர்.

புனைந்த கொடிவழிகள்

வேட்கை உள்ள இடத்தில் வணிகமும் தோன்றும். பட்டம் பெற்ற புதிய செல்வர்க்குப் பழைய முன்னோர் தேவைப்பட்டனர். அவர்களைப் படைத்துத் தருவோரும் இருந்தனர். சுவீடனிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய குஸ்தாவ் அஞ்சூ என்பார், செல்வர் பலர்க்குப் பொய்யான குடிவரலாறுகளை விற்றுப் பொருளீட்டினார். மெய்யான ஊர்ப் பதிவுகளுக்கிடையே இல்லாத ஒருவரைப் புகுத்துவதே இத்தகைய புனைவின் உத்தி. சங்கிலியின் ஒரு கண்ணி பொய்யானால் அதற்கு மேலுள்ளவை எல்லாம் பயனற்றுப் போகும்.

இத்தகைய பொய்களைத் தோலுரித்தவர்களுள் தலையாயவர் ஹொரேஸ் ரவுண்டு. 1854-இற் பிறந்து 1928-இல் மறைந்த அவர், இடைக்கால ஆவணங்களை வரிக்கு வரி ஆராய்ந்து, பெருங்குடிகள் பலவற்றின் பெருமையைச் சரித்தார். அவற்றுள் ஒன்று டென்பி பிரபுக்களின் குடி. ஆஸ்திரியப் பேரரசர்களாகிய ஆப்ஸ்பர்க் குடியிலிருந்து கிளைத்தது என அக்குடி கூறிவந்தது. அச்சான்றுகள் பதினேழாம் நூற்றாண்டிற் புனையப்பட்டவை என ரவுண்டு நிறுவினார்.

இதில் இலக்கியத்தாருக்குரிய செய்தியொன்று உண்டு. ‘டாம் ஜோன்ஸ்’ நாவலை 1749-இல் வெளியிட்ட ஹென்றி ஃபீல்டிங் அக்குடியைச் சேர்ந்தவர். வரலாற்றாசிரியர் கிப்பன் தம் வாழ்க்கைக் குறிப்பில், ஃபீல்டிங்கின் குடியும் ஆஸ்திரியப் பேரரசர் குடியும் ஒன்றே என நம்பி, அப்பேரரசின் கழுகுச் சின்னமும் ஸ்பெயின் நாட்டு எஸ்கோரியல் அரண்மனையும் அழிந்த பின்னும் அந்த நாவல் வாழும் என்று பாராட்டினார். கிப்பன் நம்பிய குடிவழி பொய்யாயிற்று. 1918-இல் ஆப்ஸ்பர்க் அரசும் வீழ்ந்தது. நாவல் வாழ்கிறது. முற்கூற்றுப் பிழைபட்டும் முடிபு பிழைபடாமை வியப்பிற்குரியது.

எலும்பு கூறிய சான்று

ஆவணத்திற்கு அப்பாற்பட்ட சான்று 2012-இல் கிடைத்தது. லெஸ்டர் நகரில் ஊர்திகள் நிறுத்தும் இடத்தின் அடியில், பழைய கிரே துறவியர் கோயில் இருந்த நிலத்தை அகழ்ந்தபோது, முதுகெலும்பு வளைந்த ஓர் ஆணின் எலும்புக்கூடு வெளிப்பட்டது. அது மூன்றாம் ரிச்சர்டினுடையது என லெஸ்டர் பல்கலைக்கழகம் 2013 பிப்ரவரியில் அறிவித்தது. 2015 மார்ச்சில் அந்நகரப் பேராலயத்தில் அது மீண்டும் அடக்கம் செய்யப்பட்டது.

அடையாளம் காண உதவியவற்றுள் ஒன்று இழைமணி மரபணு. அது தாயிடமிருந்து மட்டுமே மக்களுக்கு இறங்குவது. ரிச்சர்டின் தமக்கை ஆன் என்பாரிடமிருந்து மகள் வழியாகவே இறங்கிவந்த இருவர் கண்டறியப்பட்டனர். அவர்களின் இழைமணி மரபணு எலும்பினதோடு பொருந்தியது. தந்தை வழியாக மட்டும் இறங்கும் ஒய் குரோமோசோமும் ஆராயப்பட்டது. மூன்றாம் எட்வர்டிடமிருந்து ஜான் ஆஃப் கான்ட் வழியாக இறங்கியதாக ஏடுகள் கூறும் ஆண்கள் ஐவரின் மரபணு ரிச்சர்டினதோடு பொருந்தவில்லை. அவ்வைவருள்ளும் ஒருவர் ஏனைய நால்வரோடு பொருந்தவில்லை. 2014 டிசம்பரில் முடிவுகள் வெளியாயின. ரிச்சர்டையும் அவ்வைவரின் பொது முன்னோரான ஐந்தாம் போஃபர்டு கோமகனையும் இணைக்கும் பத்தொன்பது கண்ணிகளுள் எங்கோ ஓரிடத்தில், ஏட்டில் உள்ள தந்தை மெய்யான தந்தை அல்லர் என்பதே அதன் பொருள். எவ்விடம் என்பதை அச்சான்று கூறவில்லை.

இங்கே நின்று நோக்குதல் தகும். ரிச்சர்டின் தாய் செசிலி. செசிலியின் தாய் ஜோன் போஃபர்டு. ஜோனின் தாய் கேதரின் ஸ்வின்ஃபர்டு. ஆகவே லெஸ்டரில் மன்னரை மன்னரென அறிய உதவிய அந்த இழைமணி மரபணு, எந்த அரசியிடமிருந்தும் வந்ததன்று. கோமகனின் பெண்மக்களை வளர்க்க அமர்ந்த கேதரினிடமிருந்து, அவர்தம் தாயிடமிருந்து வந்தது. சின்னங்களும் பட்டங்களும் போர்களும் காத்துநின்ற ஆண்வழி ஓரிடத்தில் அறுந்திருந்தது. எவரும் காவாத பெண்வழி அறாமல் வந்தது. கொடிவழிச் சுருள்களின் விளிம்பிற் சிறு வட்டங்களாக எழுதப்பட்ட பெண்களின் பெயர்களே அவ்வரலாற்றின் உறுதியான இழையாயின.

எண்ணிக்கை காட்டும் உண்மை

இறுதியாக எளிய கணக்கொன்று. ஒருவருக்குப் பெற்றோர் இருவர். பாட்டன் பாட்டியர் நால்வர். தலைமுறைதோறும் எண்ணிக்கை இரட்டிக்கும். இருபதாம் தலைமுறையில் 10,48,576 இடங்கள். இருபத்திரண்டாம் தலைமுறையில் 41,94,304. மூன்றாம் எட்வர்டின் காலம் ஏறத்தாழ அத்தொலைவில் உள்ளது. அவர் இறந்தபோது, கொள்ளைநோய்க்குப் பின், இங்கிலாந்தின் மக்கள் தொகை சுமார் 25 இலட்சமே. இடங்கள் மிகுதி, மக்கள் குறைவு. ஆகவே ஒரே முன்னோர் பல இடங்களில் மீண்டும் மீண்டும் வந்தாக வேண்டும். கிளைகள் ஒன்றோடொன்று பின்னியே தீரும்.

இதனைக் கணித முறையில் ஆராய்ந்த ஜோசப் சாங் 1999-இல் வெளியிட்ட கட்டுரை ஒரு முடிவைத் தந்தது. கலந்து மணக்கும் ஒரு மக்கட் கூட்டத்தில் போதிய தலைமுறைகள் பின்னோக்கிச் சென்றால், அக்காலத்தவர் ஒவ்வொருவரும் இன்றைய மாந்தர் அனைவர்க்கும் முன்னோராவர், அல்லது எவர்க்கும் முன்னோராகார். மெய்யுலகம் அக்கணக்கைப் போல முற்றும் கலந்ததன்று. தொலைவும் நிலையும் தடையாகும். எனினும் ஐரோப்பியரின் மரபணுக்களைக் கொண்டு ரால்ஃப், கூப் என்னும் அறிஞர் 2013-இல் வெளியிட்ட ஆய்வும், கண்டத்தின் இருகோடியில் வாழ்வோரும் ஆயிரம் ஆண்டுகளுக்குள் பொது முன்னோர் பலரை உடையர் எனக் காட்டிற்று. இங்கிலாந்தில் வேர்கொண்ட குடியினருள் மூன்றாம் எட்வர்டின் வழியில் வாராதவரே அரியர் என்பது ஆய்வாளர் பலரின் கணிப்பு. அதே வேளையில், இருபது தலைமுறைக்கு முற்பட்ட முன்னோருள் மிகச் சிலரின் மரபணுவே ஒருவர் உடலில் எஞ்சும். மன்னரின் வழியினர் எனினும் மன்னரின் அணுவொன்றும் உடலில் இல்லாதிருத்தலே இயல்பு.

இவற்றால் பெறப்படுவன தெளிவு. அரச குருதி அரிதன்று. அதனைக் காட்டும் ஏடே அரிது. டேனி டையருக்கும் அவர் தெருவில் வாழ்ந்த மற்றொருவருக்கும் உள்ள வேறுபாடு முன்னோரில் இல்லை. அம்முன்னோரில் ஒருவர் நிலம் வைத்திருந்தாரா, உயில் எழுதினாரா, வழக்காடினாரா என்பதில் உள்ளது. மூன்றாம் எட்வர்டைச் சென்றடையும் ஒவ்வொரு கொடிவழிக்கும் அருகே, அதே காலத்து உழவரையும் நெசவாளரையும் பணிப்பெண்ணையும் சென்றடையும் எண்ணற்ற வழிகள் உள்ளன. அவர்களும் அதே அளவு முன்னோரே. அவர்களுட் பெரும்பாலோர்க்குப் பெயரில்லை. சிலரின் குரல் மட்டும், ஒரு பிரபுவின் மகன் பிறந்த நாளைக் கூறுமாறு அழைக்கப்பட்டபோது, அன்றுதான் தம் மனைவியை அடக்கம் செய்ததாகச் சொன்ன அந்த ஒருவரியில் ஏட்டிலேறி நிற்கிறது. குடிவழி தேடுவோர் அவ்வரியில் பிரபுவின் மகனது வயதைக் குறித்துக்கொண்டு மேற்செல்வர். அவ்விடத்திற் சற்று நின்று மற்றவரையும் காண்பது இலக்கியத்தின் கடன்.